கூண்டும் பறவையும்

ஓர் ஊரின் அழகு எங்கே இருக்கிறது? அதன் சுவர்களிலா, அச்சுவர்களுக்குள் வாழ்வோரின் நெஞ்சங்களிலா? அழகைக் காப்பாற்றிவிட்டால், அந்த அழகுக்குக் காரணமாயிருந்த பண்பும் காப்பாற்றப்பட்டுவிடுமா? இக்கேள்விகள் நமக்குப் புதியன அல்ல. பளிங்கால் இழைத்த பள்ளிவாசலில் பஜ்ருத் தொழுகைக்கு ஒரு வரிசை சேராத ஊர்களை நாமும் கண்டிருக்கிறோம். ஆயினும் நம் ஊரை வைத்து இதனைக் கேட்டால் கோபம் முந்திக்கொள்ளும், சிந்தனை பிந்திவிடும். எனவே, மத்தியதரைக் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றை முன்னிறுத்தி ஆராய்வோம்.

துனீசியா நாட்டின் தலைநகர் துனிஸ். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், பண்டைய கார்த்தேஜ் நகரத்தின் இடிபாடுகளைக் கடந்ததும், கடலைப் பார்த்து நிற்கும் குன்றின்மேல் அமைந்திருக்கிறது சீதி பூ சயீத் என்னும் ஊர். வெண்சுண்ணாம்பு பூசிய வீடுகள். நீல வண்ணக் கதவுகள். அக்கதவுகளில் பிறையாகவும் விண்மீனாகவும் அறையப்பட்ட கருநிற ஆணிகள். மாலையானால் மல்லிகை மொட்டுகளைச் சிறு செண்டாகக் கட்டி விற்பார்கள். ஆடவரும் அதனைக் காதோரம் செருகிக்கொள்வார்கள். வெண்மையும் நீலமும் கலந்த இவ்வூரின் படங்கள் உலகெங்கும் சென்றிருக்கின்றன.

ஆனால், இப்பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்போர் சிலரே. அபூ சயீத் அல்பாஜி (ரஹ்) என்னும் இறைநேசரின் பெயரே மக்கள் வழக்கில் பூ சயீத் என்று ஆயிற்று. 'சீதி' என்பது 'என் தலைவரே' என்னும் மரியாதைச் சொல். 1156ஆம் ஆண்டில் பிறந்த அப்பெரியார், ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றித் திரும்பியபின் இக்குன்றில் தங்கி ஞானம் போதித்தார். 1231ஆம் ஆண்டில், அதாவது ஹிஜ்ரி 628இல், மறைந்து இங்கேயே அடக்கமானார். அதற்கு முன் இக்குன்றுக்கு ஜபலுல் மனார் என்று பெயர்; விளக்கு மலை என்பது அதன் பொருள். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஷாதுலிய்யா தரீக்காவின் திக்ரு மஜ்லிஸ்களில் அமர்ந்து பழகிய குடும்பத்தாருக்கு இம்மண் முற்றிலும் அன்னியமன்று. அத்தரீக்காவின் தலைவரான அபுல் ஹஸன் ஷாதுலி நாயகம் (ரஹ்) அவர்களும் அதே காலத்தில் துனிஸில் வாழ்ந்தவர்களே.

இங்கேதான் முதல் முரண்பாடு எழுகிறது. தனிமையை நாடுகிறவர் ஒருவர் நகரத்தின் இரைச்சலை விட்டுக் குன்றேறுகிறார். அவருடைய தனிமையின் மணம் நகரத்துக்கு எட்டுகிறது. நகரம் அவரைத் தேடி வருகிறது. முதலில் மாணவர்கள் வந்தனர். பிறகு ஜியாரத்துக்கு மக்கள் வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் துனிஸ் நகரத்துச் செல்வர்கள் கோடை மாளிகைகள் கட்டிக்கொண்டு வந்தனர். 1872இல் துனிஸிலிருந்து கூலெத் துறைமுகம் வரை புகைவண்டி ஓடத் தொடங்கியது. கரையோரமாக அப்பாதை நீண்டபோது குன்றின் அடிவாரத்துக்கே நிலையம் வந்துவிட்டது. நகரத்தைத் துறந்தவரின் ஊர் நகரத்தின் ஓரமாயிற்று!

இதற்கு யாரை நோவது? விளக்கை ஏற்றியபின் விட்டில் வரக்கூடாது என்று சொல்ல இயலுமா? 1332இல் அதே துனிஸில் பிறந்த பேரறிஞர் இப்னு கல்தூன், நகர வாழ்வின் சுகபோகம் மக்களைப் பிணைக்கும் உறவுணர்வை மெல்ல மெல்லத் தளர்த்திவிடும் என்று தமது முகத்திமாவில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மக்கள் கூடுவதில் தவறில்லை. எதற்காகக் கூடினோம் என்பதை மறப்பதில்தான் தவறு இருக்கிறது.

அடுத்து வருவது காப்பாற்றும் கதை. துனீசியா பிரெஞ்சுக்காரரின் ஆதிக்கத்தில் இருந்த காலம். வங்கித் தொழிலில் செழித்த ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்த பிரபு ரொடொல்ஃப் தெர்லாஞ்சே இவ்வூரின்மீது காதல் கொண்டு, இங்கே ஒரு மாளிகை எழுப்பினார். ஊரின் தோற்றம் கெடலாகாது என்று அவர் அதிகாரிகளிடம் முயன்றார். 1915ஆம் ஆண்டில் ஊரின் தோற்றத்தைப் பாதுகாக்கும் ஆணை பிறந்தது. அவர் அரபு இசையை ஆராய்ந்து எழுதிய நூல் ஆறு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 1932இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடிய அதே ஆண்டில் அவர் காலமானார். பிற்காலத்தில் அம்மாளிகை அரசின் உடைமையாகி, இசை மையமாக விளங்குகிறது. நம்மவர் அருமை உணராத ஒன்றை வேற்று மதத்தார் ஒருவர் உணர்ந்து காத்தார் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நன்மை எவர் கையிலிருந்து வந்தாலும் நன்மையே.

ஆயினும், சட்டம் எதைக் காக்க முடியும்? சுவரின் நிறத்தைக் காக்கும்; சுவருக்குள் நடக்கும் தஹஜ்ஜுத் தொழுகையைக் காக்க முடியுமா? கதவின் வண்ணத்தைக் காக்கும். தட்டுகிற ஏழைக்கு அக்கதவு திறக்குமா என்பதைக் காக்க முடியுமா?

அவ்வூரின் புகழ்பெற்ற கைவினைப் பொருள் ஒன்று உண்டு. கம்பிகளை வளைத்து, மாடமும் குவிமாடமும் வைத்து, வெள்ளையும் நீலமும் தீட்டிச் செய்கிற பறவைக் கூண்டு அது. காண்போர் ஆசையோடு வாங்கிச் செல்கிறார்கள். அது வீட்டின் மூலையில் அழகுக்காகத் தொங்கும்; உள்ளே பறவை இராது. எந்த நல்லூருக்கும் நேரக்கூடிய கதி இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. கூண்டு பத்திரமாக இருக்கும்; பறவை எப்போது பறந்து போயிற்று என்பதை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் புறத்தோற்றமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. உமியோடு கூடிய நெல்லையே உழவர் விதைக்கிறார்கள். உமியை உண்ண முடியாது. ஆனால் உமியில்லாமல் அடுத்த போகமும் இல்லை. ஆண்டுதோறும் கோடையில் 'கர்ஜா' என்னும் ஊர்வலம் அவ்வூரில் புறப்படுகிறது. கொடிகளோடும் புகழ்ப்பாக்களோடும் தரீக்காவினர் வீதிகளில் வருகையில், தோளில் அமர்ந்து அதனைக் காணும் குழந்தை "அபூ சயீத் யார்?" என்று தந்தையைக் கேட்கும். அந்தக் கேள்வி எழுவதற்காகவேனும் வீதி வேண்டும், வீடு வேண்டும், அடக்கத்தலம் வேண்டும்.

இனி, நெஞ்சை வருத்தும் செய்திக்கு வருவோம். 2013ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் அந்த இறைநேசரின் அடக்கத்தலம் தீக்கிரையாக்கப்பட்டது. அந்நாட்களில் துனீசியாவில் இறைநேசர்களின் அடக்கத்தலங்கள் பல இவ்வாறே தாக்கப்பட்டன. அடக்கத்தலங்களைப் பற்றி முஸ்லிம்களிடையே இருவேறு கருத்துகள் இருப்பதை நாம் அறிவோம். ஒரே வீட்டில், ஒரே சஹனில் உண்ணும் சகோதரர்களிடையேகூட அவை உண்டு. அக்கருத்துகளைத் தீர்க்க நூல்கள் இருக்கின்றன, ஆலிம்கள் இருக்கிறார்கள், பொறுமையான உரையாடல் இருக்கிறது. தீக்குச்சி எந்தக் காலத்திலும் ஆதாரமாக ஆனதில்லை. சரியான கருத்தைக் கொண்டவன்கூட அதனைத் தீயால் நிலைநாட்ட முனையும்போது தவறானவன் ஆகிவிடுகிறான்.

ஆழ்ந்து நோக்கினால் ஒரு விந்தை புலப்படும். படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவரும், தீயிட்டு ஓடுகிறவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவர் கண்ணுக்கும் சுவர் மட்டுமே தெரிகிறது. சுவரில்தான் எல்லாம் இருக்கிறது என்று ஒருவர் மயங்குகிறார். சுவர் எரிந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று மற்றவர் நம்புகிறார். சுவருக்குள் உறங்குகிறவர் போதித்த ஞானத்தை இருவருமே கேட்கவில்லை.

எரிந்த கட்டடம் பின்னர் செப்பனிடப்பட்டது. மரத்தைத் தச்சர் செய்வார். சுண்ணாம்பைக் கொத்தர் பூசுவார். அவ்வேலைகளுக்குக் கூலி உண்டு, அளவு உண்டு, முடிவும் உண்டு. ஆனால் விளக்கு மலையின் விளக்கை ஏற்றும் பணிக்குக் கூலியும் இல்லை, முடிவும் இல்லை. அதனை அரசு செய்ய முடியாது. பிரபுக்கள் செய்ய முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் வீட்டுக்குள், தன் பிள்ளைகளின் நெஞ்சில், தானே ஏற்றியாக வேண்டும்.

எனவே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு நம் விடை இதுதான்: முன்னோர் விட்டுச் சென்ற சுவரைக் காப்பது நம் கடமை, ஆனால் அது கடமையின் பாதியே. அவர்கள் எதற்காக அச்சுவரை எழுப்பினார்களோ, அதனை வாழ்ந்து காட்டுவது மறுபாதி. முதற்பாதியைச் செய்துவிட்டு நிறைவடைந்தவர் கூண்டைத் துடைத்து வைத்தவர் ஆவார். மறுபாதியையும் செய்தவர் வீட்டிலேதான் பறவை பாடும்.

நம் வீடுகளின் அழகோடு நம் உள்ளங்களையும் அழகாக்கி வைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.