நட்டத்தில் ஓடும் பஸ்ஸும் சமுதாய அறமும்

பொதுப் போக்குவரத்துப் பற்றிய விவாதங்களிலே அடிக்கடி எடுத்தாளப்படும் சொல் ‘நட்டம்’ என்பதாகும். வரவினும் செலவு மிகுமாயின் அது நட்டம் என்பது கணக்காளர் கூறும் இலக்கணம். வணிக நிலையம் ஒன்றுக்குப் பொருந்தும் இவ்விலக்கணம், பின்தங்கிய கிராமம் ஒன்றுக்குச் செல்லும் பஸ் வண்டிக்கும் பொருந்துமா? பொருளியல் வினாவாகத் தோன்றும் இது, அடிப்படையில் ஓர் அறவியல் வினாவே எனலாம்.

வீதியின் சுமையை எவர் தாங்குவது என்ற பிரச்சினை இலங்கைக்குப் புதிதன்று. 1848 ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. தோட்டத்துரைக்கும் ஏழைக் குடியானவனுக்கும் விதி ஒன்றே. ஆயின் கோப்பி மூடைகள் துறைமுகத்தை அடைய உதவிய வீதியால் இருவரும் பெற்ற பயன் ஒன்றன்று. அவ்வாண்டு எழுந்த கிளர்ச்சிக்குரிய காரணங்களுள் இச்சட்டமும் இடம்பெற்றது. சுமை சமமாகப் பகிரப்பட்டதா என்று கேட்பவர், பயன் எவரைச் சென்றடைகின்றது என்றும் கேட்டல் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

1958 ஜனவரி 1 ஆம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தன. நெருக்கமான வழித்தடங்களின் மிகுதி வருவாயைக் கொண்டு ஏனையவற்றின் குறையை நிரப்ப இதனால் வழி பிறந்தது. 1979 இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. முதலிட்டவர் பயணிகள் நிறைந்த வழித்தடங்களையே நாடியமை இயல்பே. கிராமச் சேவை, இரவுச் சேவை, மாணவர் பருவச்சீட்டு முதலிய கடமைகள் பெரும்பாலும் சபையிடமே எஞ்சின. சபையிலே நிருவாகச் சீர்கேடும் அரசியல் செல்வாக்கால் நிகழ்ந்த நியமனங்களும் இருந்தமை மறுக்கற்பாலதன்று. ஆயினும், கடமையால் விளைந்த நட்டத்தையும் சீர்கேட்டால் விளைந்த நட்டத்தையும் ஒரே தொகையாகக் கூட்டிக் காட்டுவது நேர்மையான கணக்காகாது. முன்னையதை மக்கள் ஏற்கலாம். பின்னையதை ஏற்க வேண்டியதில்லை. இரண்டையும் கலப்பதால், சீர்கேடு கடமையின் போர்வையில் ஒளிந்துகொள்கின்றது. கடமையோ சீர்கேட்டின் பெயரால் கைவிடப்படுகின்றது.

ஒரு சேவையின் பயனை அதன் வருவாய் முற்றாக அளவிடமாட்டாது என்பதைப் பிரெஞ்சுப் பொறியியலாளரான ஜூல்ஸ் டுப்புயி 1844 இலேயே விளக்கினார். பாலமொன்றிற் சுங்கம் அறவிடப்பட்டால், சிலர் அதனைக் கடக்காது நின்றுவிடுவர். அவர்கள் இழந்த பயன் எவருடைய பெட்டியையும் சேர்வதில்லை. எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுவதுமில்லை. கடைசி பஸ் நிறுத்தப்பட்ட கிராமத்திலே, மாலை வகுப்பைக் கைவிட்ட மாணவியும், சிகிச்சையைப் பிற்போட்ட முதியவரும் அடையும் இழப்பு இத்தகையதே.

பிறிதொரு முரண்பாடும் ஈண்டு நோக்கற்பாலது. அதிவேக நெடுஞ்சாலைகள் நீங்கலாக, எமது வீதிகளிற் செல்வோரிடம் கட்டணம் அறவிடப்படுவதில்லை. ஆயினும் கிராம வீதியொன்று ‘நட்டத்தில் உள்ளது’ என எவரும் கூறுவதில்லை. அது முதலீடு எனப்படுகின்றது. அதே வீதியிற் செல்லும் பஸ் மட்டும் நட்டம் எனப்படுகின்றது. வாகனம் உடையவருக்கு வீதி மட்டும் போதும். அஃதற்றவருக்கோ பஸ் வந்தாலன்றி வீதி பயன்படாது. 2022 ஜூலையில் எரிபொருட் பங்கீடு தொடங்கியபோது, காருக்கு வாரம் 20 லீற்றரும் பஸ்ஸுக்கு 40 லீற்றரும் என வரையறுக்கப்பட்டது. பஸ்களுக்கு டிப்போக்கள் மூலமும் எரிபொருள் வழங்கப்பட்டது உண்மையே. எனினும் வாகனங்களை எண்ணிய அத்திட்டம் பயணிகளை எண்ணவில்லை. வாகனமற்றவருக்குத் தமக்கென ஒரு பங்கும் இருக்கவில்லை.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. ஐந்து பேருக்காக ஓடும் பஸ்ஸின் செலவை மருத்துவமனைக்கு அளித்தால் ஐம்பது பேர் பயனடையார்களா? பெரும்பான்மையோரின் பெருநலத்தை அளவுகோலாகக் கொண்ட பெந்தமின் வழிவந்தோர் இவ்வாறே வினவுவர். அவ்வினாவைப் புறக்கணித்தல் ஆகாது. ஆயின், அந்த ஐவர் மருத்துவமனையை அடைவது எவ்வாறு? கல்வியும் மருத்துவமும் இலவசம் என அறிவித்துவிட்டு, அவற்றை அடையும் வழியை மட்டும் சந்தையிடம் ஒப்படைப்பது, கதவைத் திறந்துவிட்டுப் படிகளை அகற்றுவதற்கு ஒப்பாகும். பஸ்ஸுக்குப் பதிலாக அவர்களது கையிலே பணத்தைக் கொடுப்பதும் போதிய விடையன்று. பஸ் சேவை பலர் சேர்ந்து பெறும் பொருள். ஒருவர் தம் பங்குப் பணத்தைக் கொண்டு பஸ்ஸின் ஒரு பகுதியை மட்டும் ஓடச்செய்தல் இயலாது.

எனினும் இக்கடமை எல்லையற்றதன்று. ஒவ்வொரு சிற்றூருக்கும் மணிக்கொரு பஸ் வேண்டுமென அறம் கோராது. ஒருவர் பாடசாலைக்கோ மருத்துவமனைக்கோ அரச அலுவலகத்துக்கோ சென்று, கருமம் முடித்து, அன்றே வீடு திரும்பக்கூடியதாதல் வேண்டும் என்பது நியாயமான குறைந்தபட்ச எல்லையாகும். அதன் செலவை நெருக்கமான வழித்தடத்திலே தொங்கிச் செல்லும் ஏழைப் பயணிகளின் கட்டணத்திலிருந்து மறைமுகமாகப் பெறுதலும் முறையன்று. ஏழையின் சுமையை வேறோர் ஏழைக்கு மாற்றுவதாகவே அது முடியும். வசதிபடைத்தோரும் பங்கேற்கும் பொது வரியிலிருந்து, இன்ன சேவைக்கு இன்ன தொகை என வெளிப்படையாக அரசு வழங்குதல் வேண்டும். சபையாயினும் தனியாராயினும், அச்சேவையை ஏற்றவர் அதற்குக் கணக்குக் காட்டுதல் வேண்டும்.

அவ்வாறு வழங்கப்படும் தொகை நட்டமன்று; ஒரே நாட்டின் குடிகளாக வாழ்வதற்கு நாம் ஒருவருக்கொருவர் செலுத்தும் கடன் ஆகும். அக்கடனைச் செலுத்த விரும்பாத சமுதாயம், தன் வரவு செலவுக் கணக்கைச் சமப்படுத்திக்கொள்ளக் கூடும். ஆயின் தன் குடிகளுள் எவரை எண்ணாது விட்டது என்ற வினாவுக்கு அது விடை கூறியே ஆகவேண்டும்.