எந்தக் கரையின் பூதம்?

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான நயினாதீவில் நாகபூசணி அம்மனைக் கும்பிட வருபவர்களுக்குக் கடலோரம் இரண்டு கற்களைக் காட்டிக் கதை சொல்வார்கள். ஒன்று பாம்பு சுற்றிய கல், மற்றது கருடன் கல். புளியந்தீவிலிருந்து வாயில் பூவைக் கவ்விக்கொண்டு அம்மனுக்குச் சாத்த நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்ததாம். நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிர்க்கல்லில் குந்தியிருந்தது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் மன்றாடி, தன் செல்வத்தை அம்மன் கோயிலுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பிறகே கருடன் வழிவிட்டது. மற்ற ஊரில் பாம்பைக் கண்டால் தடியெடுப்பார்கள். இந்தத் தீவின் கதையில் பாம்புதான் அடியார். பயங்காட்ட வந்தது திருமாலின் வாகனம்!

இதே கடலைக் காவிரிப்பூம்பட்டினத்துப் பக்கமிருந்து பார்த்தவர்களுக்கு, நாகத்தின் பெயர் கொண்ட நாகர் என்னும் மக்கள் வேறு விதமாகத் தெரிந்தார்கள். மணிமேகலையில் சாதுவன் என்னும் வணிகன் கப்பல் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் கரையில் ஒதுங்குகிறான். அவர்கள் ஆடையற்றவர்கள், ஆளைத் தின்பவர்கள். களைத்துத் தூங்கியவனை இரையென்று எழுப்புகிறார்கள். அவன் அவர்கள் பாஷையிலேயே பேசிவிட, அசந்துபோய்த் தலைவனிடம் கூட்டிப்போகிறார்கள். எலும்புக் குவியலும் கள் பானையுமாக இருந்த தலைவன் உபசரிக்கிறான், வாதாடுகிறான், கடைசியில் உடைந்த கப்பல்களிலிருந்து சேர்த்துவைத்த சந்தனத்தையும் துணியையும் கொடுத்து அனுப்புகிறான். ஆளைத் தின்னும் அரக்கனின் கிடங்கில் இருந்தது கப்பல் சரக்கு! துறைமுகப் பட்டினத்துக்கு எந்தப் பயம் இருந்திருக்கும் என்பதை அந்தக் கிடங்கே சொல்லிவிடுகிறது.

அதே நூலில் வரும் மணிபல்லவத்தை நயினாதீவென்று சொல்பவர்கள் பலர். அங்கே நாக அரசர் இருவர் ஒரு பீடத்துக்காகச் சண்டையிட, புத்தர் வந்து தீர்த்துவைக்கிறார். ஒரே நூலுக்குள் நாகர் நரமாமிசம் தின்பவர்களாகவும் வருகிறார்கள், அரசர்களாகவும் வருகிறார்கள்.

பயம் கடலிலிருந்து மட்டும் வரவில்லை. பிள்ளைப்பேறு வீட்டில் நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் கொத்தி என்றொரு பேய் இருந்தது. பிள்ளைபெற்ற வீட்டைச் சுற்றும், தாயையும் சேயையும் வருத்தும் என்று நம்பினார்கள். பேறு ஆஸ்பத்திரிக்குப் போனதும் கொத்திக்கு வேலையில்லாமல் போயிற்று. பயம் முழுக்கப் போய்விட்டதா? இன்னொரு தீவான நெடுந்தீவில் சிக்கலான பேறென்றால் இன்றும் கடல் தாண்ட வேண்டும். காற்றுக் காலமென்றால் வீட்டார் பார்ப்பது கடலைத்தான்.

இலங்கையில் போர் முடிந்து இரண்டு வருடமான பிறகு, 2011 ஆகஸ்டில், புதிதாக ஒன்று வந்தது: கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசியவன், பிடித்தால் நழுவுவான், பெண்களைத்தான் குறிவைப்பான் என்று மலையகத்திலும் கிழக்கிலும் பேச்சுப் பரவி, வடக்குக்கும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் சனங்கள் துரத்திய ஆட்கள் இராணுவ முகாம் பக்கம் ஓடி ஒளிந்ததாகச் சொல்லி ஊரே திரண்டது. அந்த இரவில் படையினர் வீடுகளுக்குள் புகுந்து சுமார் நூறு பேரை அடித்து இழுத்துச் சென்றார்கள். பிறகு இது பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பூதம் உண்டா இல்லையா என்று பத்திரிகைகளில் நிறையவே வாதாடினார்கள். அதைவிட, அது எங்கே ஓடி மறைந்ததாகச் சனங்கள் சொன்னார்கள் என்பது முக்கியம். கொள்ளிவாய்ப் பேய் சுடலைக்குப் போகும், முனி ஆலமரத்துக்குப் போகும். கிறீஸ் பூதம் முகாமுக்குப் போனது.

சில பயங்களுக்குப் பூதமே தேவைப்படுவதில்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோரை வெட்டிக் கொன்றார்கள். ஏறியவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். கொத்திக்கும் முனிக்கும் திகதி கிடையாது, இதற்கு உண்டு. படகின் பெயர் உண்டு, நெடுந்தீவு மாவிலித்துறையில் நினைவுத்தூபி உண்டு. குமுதினி பிறகும் பல வருடங்கள் அதே வழியில் ஓடியது. சனங்களும் ஏறினார்கள், அக்கரைக்குப் போக வேறு என்ன வழி?