பின்னட்டை முகம்

பதிப்பகத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் என் கட்டுரைகளைப் பற்றி இரண்டு வரி, என் புகைப்படத்தைப் பற்றி ஒன்பது வரி. தலையும் தோளும் தெரிய வேண்டும். பின்னணி வெறுமையாக இருக்க வேண்டும். 300 டிபிஐ, ஜேபிஜி. செல்ஃபி வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், குழுப் படத்திலிருந்து வெட்டியது வேண்டாம், வாட்ஸப்பில் அனுப்ப வேண்டாம். படம் எடுத்தவரின் அனுமதி வேண்டும்.

போனில் தேடிப் பார்த்தேன். நான் தனியாக இருப்பது ஒரே ஒரு படத்தில்தான், அதுவும் வாக்காளர் அட்டைக்காக எடுத்தது. மற்ற எல்லாவற்றிலும் யாரோ ஒரு குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறேன், அல்லது யாருடைய தோளுக்கோ பின்னால் பாதி முகமாக நிற்கிறேன். குழுப் படத்திலிருந்து வெட்டக் கூடாது என்றால் நம்மில் எத்தனை பேருக்குப் படம் மிஞ்சும்?

நெல்லியாளம் என்பது நகராட்சியின் பெயர். கடை, பஸ், ஸ்டுடியோ எல்லாவற்றுக்கும் எங்களுக்குப் பந்தலூர் பஜார்தான். அங்கே ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். தம்பி நன்றாகத்தான் எடுத்தார். பிறகு கணினியில் உட்கார்ந்தார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்து நிமிர்வதற்குள் திரையில் வேறொரு பெண் இருந்தாள். என்னைவிட மூன்று படி வெளுப்பு. வலது கன்னத்துத் தழும்பைக் காணோம். எட்டு வயதில், கவாத்து வெட்டிய தேயிலைச் செடி மேல் விழுந்து, கூரான கட்டை கிழித்த தழும்பு அது.

"புக்குல வர்றதில்லக்கா, கொஞ்சம் பிரைட் பண்ணிருக்கேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் கேட்காமலே பெண் முகத்தை வெளுக்க வைப்பதுதான் தொழில் என்று அவருக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். இது அவரிடம் தொடங்கியதும் இல்லை. 1950-களிலிருந்து கோடக் நிறுவனம் ஃபிலிம் கழுவும் கூடங்களுக்கு 'ஷெர்லி அட்டை' என்று ஒன்றை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று அர்த்தம். கறுத்த தோல் எப்படி விழுகிறது என்பதைப் பல வருடங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. அட்டை போய்விட்டது, அளவுகோல் போகவில்லை.

என்னைக் குழப்பியது வேறு. ஃபில்டர் போட்டதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அளவு, பின்னணி, வெளிச்சம் எல்லாம் கேட்டபடியே இருந்தன. குறை ஒன்றே ஒன்று, அது நான் இல்லை. காசைக் கொடுத்துவிட்டு, படத்தை வாங்காமல் வந்தேன்.

படமே கொடுக்காவிட்டால் என்ன என்று அன்று இரவு யோசித்தேன். இத்தாலியில் எலெனா ஃபெரான்டே 1992-இலிருந்து முகம் காட்டாமல் எழுதுகிறார். புத்தகம் பேசட்டும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் உண்டு. ஆண் எழுதினால் நடையைப் பற்றிப் பேசுகிறவர்கள், பெண் எழுதினால் முதலில் பின்னட்டையைத் திருப்புகிறார்கள். போதாக்குறைக்கு, நம் ஊரில் ரங்கராஜன் 'சுஜாதா' என்ற பெயரிலும் ஸ்ரீவேணுகோபாலன் 'புஷ்பா தங்கதுரை' என்ற பெயரிலும் எழுதினார்கள். பெண் பெயரைப் பார்த்தால் இது நிஜமாகவே பெண்தானா என்று வாசகர் சந்தேகப்படுவதில் தப்பில்லை!

ஆனால் முகத்தை மறைப்பது எல்லோருக்கும் ஒரே அர்த்தம் தருவதில்லை. என் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அந்தக் கணக்கில் ஒருத்தியாக அம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டம், 1976-இல் டான்டீ என்ற கழகமானது. அம்மா அங்கே கொழுந்து பறித்தாள். அவளுடைய முதல் படம் பாஸ்போர்ட்டுக்காகக் குடும்பத்தோடு எடுத்தது. அவள் முகம் நகக்கண் அளவு இருக்கும். தலைகளை எண்ணுவதற்காக எடுத்த படம்.

அடுத்த படங்களை அவள் பார்த்ததே இல்லை. சாலையில் காரை நிறுத்தி, கூடையோடு நிற்கும் அவளைச் சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ. தேயிலைப் பாக்கெட்டில் சிரிக்கும் பெண்ணைப் பாருங்கள். முகம் இருக்கும், பெயர் இருக்காது.

பழைய வழக்கம்தான் இது. ஜூலியா மார்கரெட் கேமரன் இங்கிலாந்தில் டென்னிசனையும் டார்வினையும் படமெடுத்தவர், வர்ஜீனியா வுல்ஃபின் அம்மாவையும் எடுத்தவர். அவர்கள் எல்லோருக்கும் பெயர் உண்டு. 1875-இல் அவர் கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிவந்தார், 1879-இல் அங்கேயே இறந்தார். அங்கே தோட்டத்து ஆட்களையும் கிராமத்தவர்களையும் எடுத்தார். அந்தப் படங்களில் இருப்பவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. எடுத்தவரும் ஒரு பெண்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

ஃபெரான்டே மறைக்கிற முகம், பெயரோடு சேர்த்து அவருக்குச் சொந்தமான முகம். எங்கள் லயத்தில் அந்த இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சானதே இல்லை. எனவே கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

அக்காள் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள், அவள்தான் எடுத்தாள். காலை பத்து மணி, மூட்டம். மூட்டத்தில் முகத்தில் கறுப்பு நிழல் விழாது. ஆனால் பின்னால் வெள்ளை மூட்டம் இருந்தால் போன் அதற்குத் தக்கபடி வெளிச்சத்தைக் குறைத்து, என் முகத்தைக் கரியாக்கிவிடும். அதனால் வாசல் கொடியில் சாம்பல் நிறக் கம்பளியைக் கட்டினோம். பின்பக்கக் கேமரா, ஆறடி தூரம். பக்கத்தில் வந்தால் மூக்கு பெருக்கும். திரையில் என் கன்னத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். தோல் தன் நிறத்துக்கே வந்தது. 300 டிபிஐ என்பதும் பூதம் இல்லை. இரண்டு அங்குல அகலத்தில் அச்சிட 600 பிக்ஸல் போதும், சாதாரணப் போனிலேயே அதற்குமேல் இருக்கிறது. வாட்ஸப் அதைச் சுருக்கிவிடும் என்பதால்தான் மின்னஞ்சல்.

"எம் பேரு வருமா சித்தி?" என்றாள்.

வரவேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்குத்தான் உரிமை. காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, சொன்னவருக்கு. நான் அவளுக்குக் காசு கொடுக்கவில்லை, பஜ்ஜி சுட்டுக் கொடுத்தேன். ஒரு தாளில் அனுமதி எழுதி வாங்கினேன். புத்தகத்தின் உள்பக்கத்தில் அவள் பெயர் வரும்.

படத்தின் ஓரத்தில் கம்பளியைப் பிடித்த கிளிப் தெரிந்தது. அதை வெட்டினோம். தாடையில் அன்றைக்கு வந்த பரு ஒன்று, அதையும் அழிக்கச் சொன்னேன். அடுத்த வாரம் தானாகப் போகப்போகிறது. தழும்பைத் தொடவிடவில்லை. புத்தகத்தைப் பார்த்துவிட்டு பஜாரில் ஒருவர் என்னை அடையாளம் கண்டால் படம் உண்மை, அவ்வளவுதான் என்று அவளுக்கு விளக்கினேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

அம்மா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதலில் கழுத்தில் ஒன்றும் இல்லையே என்றாள். பிறகு, "தலைக்கு மை பூசியிருக்கல்ல?" என்றாள்.

பூசியிருந்தேன். இரண்டு நாள் முன்பு, படத்துக்காகவேதான்.

"அப்ப தழும்ப மட்டும் ஏன் வுட்ட?"

என்னைக் கேட்காமல் அவர் வெளுக்கவைத்தார், மை நானாகப் பூசியது என்று சொன்னேன். சொல்லும்போதே, நரையைப் பார்த்து முகம் சுளிக்க எனக்குச் சொல்லித்தந்தது யார் என்று ஓடியது. அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் தலை முழுக்க வெள்ளை.