பிறவியின் பயனும் யோக நெறியும்

மானிடப் பிறவி கிடைத்தற்கு அரியது என்று எமது சமய நூல்கள் யாவும் ஒரே குரலிற் கூறுகின்றன. ஆனால் கிடைத்த பிறவியை எதற்காகப் பயன்படுத்துவது என்ற வினா எழும்போதுதான் எம்மிற் பலர் தடுமாறுகின்றோம். உயர்தரப் பரீட்சையிலே பல்கலைக்கழக அனுமதிக்குரிய வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளை, தன் வாழ்வே முடிந்துவிட்டதாக எண்ணி அறைக்குள் முடங்கி விடுகின்றது. பிள்ளைகள் யாவரும் வெளிநாடு சென்றபின் பெரிய கல்வீட்டிலே தனித்திருக்கும் தாய், "இனி நான் ஆருக்காக இருக்க வேணும்?" என்கின்றாள். இருவர் கேட்பதும் ஒரே கேள்விதான். படிப்பையோ பிள்ளைகளையோ வாழ்வின் நோக்கமாகக் கொண்டவர்களுக்கு, அவை கையைவிட்டுப் போகும் நாளில் நோக்கமும் கூடவே போய்விடுகின்றது.

இதற்குச் சைவசித்தாந்தம் தரும் விடை தெளிவானது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களாற் கட்டுண்ட உயிர், அக்கட்டு நீங்கி இறைவன் திருவடியைச் சேர வேண்டும். அதற்காகவே தனு, கரண, புவன, போகங்கள் அதற்கு அருளப்பட்டுள்ளன. அதாவது இந்த உடம்பும், மனம் முதலிய கருவிகளும், வாழும் உலகும், அனுபவிக்கும் இன்ப துன்பங்களும் யாவும் எமக்குத் தரப்பட்ட உபகரணங்கள். பரீட்சையிற் தவறிய பிள்ளையிடமும், தனித்திருக்கும் தாயிடமும் இவ்வுபகரணங்களில் ஒன்றேனும் குறைந்துவிடவில்லை.

இவ்வுபகரணங்களைப் பயன்படுத்தும் நெறிகளாகச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு கூறப்பட்டுள்ளன. இவற்றுக்கு முறையே அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகிய நால்வரையும் உதாரணமாகக் காட்டுவது எமது மரபு. உழவாரம் ஏந்தித் திருவீதிகளிற் புல் செதுக்கிய அப்பரைச் சரியைக்குக் காட்டுவது எவருக்கும் இலகுவில் விளங்கும். யோக நெறிக்குக் காட்டப்படுபவர் சுந்தரர் என்பதைத்தான் நாம் நின்று சிந்திக்க வேண்டும்.

யோகி என்றதும் காட்டிலே, குகையிலே, மூச்சடக்கிக் கண்மூடி இருக்கும் ஒருவரையே எமது மனம் கற்பனை செய்கின்றது. சுந்தரரோ பரவையாரையும் சங்கிலியாரையும் மணந்து இல்லறத்தில் வாழ்ந்தவர். பொன்னும் நெல்லும் இறைவனிடமே கேட்டுப் பெற்றவர். பரவையாரின் ஊடலைத் தீர்ப்பதற்குத் திருவாரூர் வீதியிலே நள்ளிரவில் இருமுறை இறைவனையே தூது நடக்க வைத்தவர். (இதைக் கேட்டு ஏயர்கோன் கலிக்காம நாயனார் கொண்ட கோபத்தைப் பெரியபுராணம் படித்தோர் அறிவர். அக்கோபத்தில் நியாயம் இல்லையென்று சொல்ல எமக்கும் துணிவில்லை!) இத்தகைய ஒருவரை யோகத்துக்கு எடுத்துக்காட்டாக எமது பெரியோர் ஏன் வைத்தனர்? யோக நெறிக்குச் சகமார்க்கம், அதாவது தோழமை நெறி என்று பெயர். யோகம் என்ற சொல்லுக்கே சேர்தல் என்பது பொருள். வீட்டிலும் வீதியிலும் இன்பத்திலும் இக்கட்டிலும் இறைவனைக் கூடவே வைத்திருந்தமையே சுந்தரரின் யோகம். ஆகவே குடும்பத்தை விட்டு ஓடினாற்தான் யோகம் கைகூடும் என்ற எண்ணம் சைவர்களாகிய எமக்கு உரியதன்று.

எனினும் அத்தோழமை சுந்தரருக்கு விதிவிலக்கு எதனையும் வாங்கிக் கொடுக்கவில்லை. திருவொற்றியூரிலே மகிழமரத்தடியில், பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சபதம் செய்து கொடுத்தார். அதனை மீறி ஊரெல்லையைக் கடந்ததும் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். பின்னர் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார். ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு, இறைவனின் தோழனையும் கட்டுப்படுத்தியது.

யோகத்தின் படிமுறையிலும் இதே உண்மை அமைந்திருக்கின்றது. பதஞ்சலி முனிவரும் திருமூல நாயனாரும் கூறும் எட்டு அங்கங்கள் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன. ஆசனம் மூன்றாம் இடத்திலேயே வருகின்றது. கொல்லாமை, பொய்யாமை, களவின்மை முதலியன முதற்படியாகிய இயமத்தில் அடங்கும். 2014 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை யூன் 21 ஆம் திகதியைச் சர்வதேச யோகா தினமாகப் பிரகடனம் செய்தது முதல், பாய் விரித்துப் பயிலும் ஆசனம் உலகெங்கும் பரவியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அயலவனின் எல்லை வேலியை ஓரடி தள்ளிப் போட்டுவிட்டுப் பத்மாசனத்தில் அமர்பவர், முதற்படியில் கால் வைக்காமலே மூன்றாம் படிக்குத் தாவ முயல்கின்றார்.

கண்ணை மூடி இருப்பது சுயநலமல்லவா, அந்நேரத்தில் நாலுபேருக்கு உதவலாமே என்று கேட்போரும் உளர். நியாயமான கேள்விதான். எமது மண்ணிலே பல வீடுகள் இழப்பின் துயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. ஆனால் பதறும் மனத்தோடு உதவிக்குச் செல்பவர், தம் பதற்றத்தையும் அவ்வீட்டிலே இறக்கிவிட்டு வருவதையும் நாம் காண்கின்றோம். துயருற்றவரின் பக்கத்தில் பேசாமல் அமைதியாக ஒரு மணி நேரம் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும். தியானம் தரும் பயிற்சி அதுவே. கொழும்புத்துறையில் வாழ்ந்து 1964 இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகளிடம் எம்மவர்கள் தேடிச் சென்றதும் அத்தகைய ஓர் இருப்பையேயன்றி ஆசன வித்தைகளையன்று.

உடலுக்குண்டாகும் பலன்களையும் சொல்ல வேண்டும். மூச்சை நிதானமாக இழுத்து விடுவது படபடப்பைத் தணிக்கின்றது, இரத்த அழுத்தத்தை ஓரளவு குறைக்கவும் துணைசெய்கின்றது. நாட்பட்ட முதுகுவலிக்கு மருந்தில்லாச் சிகிச்சைகளுள் ஒன்றாக யோகாசனத்தை அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017 இல் பரிந்துரைத்தது. அதற்காகக் கிளினிக்கில் தரும் பிரசர், நீரிழிவுக் குளிசைகளைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. கண்ணழுத்த நோயுள்ளோர் தலைகீழாய் நிற்கும் ஆசனங்களைச் செய்யலாகாது. திருமூலர் கூறும் பதினாறு மாத்திரை பூரகம், அறுபத்துநான்கு மாத்திரை கும்பகம், முப்பத்திரண்டு மாத்திரை இரேசகம் என்ற அளவும் குருவின்றி முயலத்தக்கதன்று.

தொடங்க விரும்புவோருக்கு எமது ஆலயமே போதுமானது. காலைப் பூசைக்கு மணி அடிக்குமுன் வந்து, மண்டபத்தின் ஓரத்திலே முதுகை நிமிர்த்தி அமர்ந்து, மூச்சை அடக்காமல் இயல்பாக விட்டுக்கொண்டு ஐந்தெழுத்தைப் பத்து நிமிடம் மனத்துள் சொல்லலாம். கீழே இருக்க முடியாத முதியோர் கதிரையில் இருப்பதிற் குற்றமில்லை. பூசை முடிந்தபின் அந்தத் தாய் மாலை கட்டுமிடத்துக்கு வரட்டும். பரீட்சையிற் தவறிய பிள்ளை ஞாயிறு காலையில் அறநெறி வகுப்புச் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அடுத்த முறை பரீட்சை எழுதுவதா, தொழில் பழகுவதா என்பதை அதன் பிறகு ஆறுதலாக யோசிக்கலாம்.