நோ மருந்தை விடுபவர் குற்றவாளியா?

அனலைதீவிலிருந்து முறிந்த இடுப்போடு யாழ்ப்பாணத்துப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பாருங்கள். பல மாதங்களாக வைத்தியர் சொற்படி மொர்பீன் இன மாத்திரை உட்கொண்டார். இப்போது அளவைக் குறைக்கிறார்கள். வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, வயிற்றோட்டம், நித்திரையில்லை. வீட்டாரோ, "குடிகாரனைப் போல நடுங்குகிறார்" என்று முணுமுணுக்கிறார்கள்.

இது நீதியா? பாவத்துக்கு அறிவும் மனச்சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்தோம். நாள்தோறும் வந்த மருந்துக்கு நரம்புகள் பழகிப்போவது எவருடைய சம்மதத்தையும் கேட்டு நடப்பதன்று. நோவைத் தணிக்கும் மருந்தை ஏற்பது தகும் என்று 12ஆம் பத்திநாதர் 1957 பெப்ரவரி 24இல் மயக்கமருந்து வைத்தியர்களிடம் கூறினார். ஏற்றது குற்றமன்று, விடும்போது படும் வேதனை மட்டும் எப்படித் தண்டனையாகும்?

சிலர் வீராப்பாக ஒரேநாளில் நிறுத்திவிடுகிறார்கள். ஒறுத்தல் என்று இதைப் புகழ்ந்த குருக்களும் உண்டு, நானும் விலக்கல்ல. அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2019இல் இதற்கெதிராக எச்சரித்தது. ஓராண்டுக்கு மேல் உட்கொண்டவருக்கு மாதம் 10 வீதம், அல்லது அதிலும் மெதுவாகக் குறைப்பதே தாங்கக்கூடியது. முடியாவிட்டால் வைத்தியர் சிலகாலம் அதே அளவில் வைத்திருப்பார். குறைத்தபின் தாங்கமாட்டாமல் பழைய அளவை விழுங்குவதுதான் பேராபத்து. உடல் அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும், மூச்சு நின்றுவிடலாம்.

தீவாருக்கு இன்னொரு தொல்லை. கடல் கொந்தளித்தால் ஊர்காவற்றுறைப் படகு ஓடாது. மாத்திரை தீர்ந்தால் வேண்டாத நிறுத்தம் தானாக வந்துவிடும். ஆகவே கிளினிக்கில் இதைச் சொல்லி, சில நாள் மருந்து கூடுதலாகக் கேளுங்கள். மனைவியோ மகனோ அதைப் பூட்டிவைத்து, அளந்து கொடுக்கட்டும். இரவில் அவர் விழித்திருந்தால், உப்பிட்ட கஞ்சி கொடுத்துக் கூட இருங்கள்.