யாருடைய கை?

நான் செவிலி. கெங்குவார்பட்டியில் ஓர் அக்காவின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போவேன். தோட்ட வேலைக்கு ஏற்றிப்போன வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து அவருக்குச் சிறுநீர் தானாகப் பிரிவதில்லை. எப்போதும் உள்ளேயே ஒரு டியூப், கட்டிலோரம் தொங்கும் பை, அடிக்கடி குளிர்காய்ச்சல். பை நிறைந்தால் மகளைக் கூப்பிட வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்.

உள்ளே கிடக்கும் டியூபைப் பற்றிக்கொண்டு கிருமிகள் ஏறும். அதற்குப் பதில், நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தாமே மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறுநீரை முழுதாக வடித்துவிட்டு எடுத்துவிடலாம். சோப்புப் போட்டுக் கழுவிய கையே இதற்குப் போதும் என்று 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடெஸ் எழுதினார். சிறுநீர்ப்பை நிரம்பி விரிந்தே கிடப்பதுதான் தொற்றுக்குப் பெரிய காரணம் என்பது அவர் வாதம்.

மருத்துவரும் சரி என்றார். அக்காவின் கைகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கண்ணாடியை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அங்கிட்டெல்லாம் நான் பாத்ததே இல்ல தாயி. நீயே மாத்தி விட்டுட்டுப் போ.”

மூன்று பிள்ளை பெற்றவர். பிரசவத்தில் எத்தனையோ பேர் பார்த்த இடத்தை அவர் மட்டும் பார்த்ததில்லை.

அவருடைய கூச்சத்தை மதிப்பதாக நினைத்துச் சில மாதம் நானே டியூபை மாற்றினேன். உண்மையில் எனக்கு அது வசதி. கற்றுக்கொடுக்கும் நேரம் மிச்சம். இன்னொன்றும் உண்டு. பொம்மையை வைத்துப் படித்த நானும் என் உடம்பைக் கண்ணாடியில் பார்த்ததில்லை. வற்புறுத்தினால் அத்துமீறல், விட்டுவிட்டால் கைவிடல். இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தெரிந்த ஒரே வழி, முதலில் நான் பார்ப்பது. பார்த்தேன். மறுவாரம் அதை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, கண்ணாடியை வாங்கினார்.

“மூத்திரத்துக்குத் தனி வழியா?” என்று கேட்டார்.

முதல் தடவை குழாய் பிறப்புவழிக்குள் போய்விட்டது. பலருக்கும் அப்படித்தான் ஆகும். வேறு குழாய் எடுத்துக்கொண்டோம். இப்போது கண்ணாடியே வேண்டாம், விரலுக்கு இடம் தெரியும்.

இதைத் தன்னம்பிக்கைக் கதையாக்க எனக்கு மனமில்லை. குழாய்க்குப் பணம், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, சோப்பு, தண்ணீர், இவற்றைத் தராமல் ‘நீயே பார்த்துக்கொள்’ என்று சொல்வதற்குப் பெயர் கைகழுவுதல். ஆனால் அவளுடைய உடம்பை அவளுக்குக் காட்டாமல் செய்யும் சேவையும் முழுச்சேவை ஆகாது.

போன வாரம் நான் நுழைந்தபோது, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.