பழைய வீடும் பயனில் தீங்கும்

கோடை விடுமுறையில் நகரத்திலிருந்து பிள்ளைகள் வந்துவிட்டால் நம் சிற்றூர் வீடுகளில் தவறாமல் ஒரு பேச்சு எழுகின்றது. முற்றத்தை மூடி, நாட்டு ஓட்டை இறக்கிக் கான்கிரீட் தளம் போட்டுக் குளிர்சாதனக் கருவி பொருத்திவிட வேண்டும் என்பர் இளையோர். முன்னோர் கட்டிய வீட்டில் கைவைக்கலாகாது என்பர் முதியோர். இரு சாராரும் செலவையும் வசதியையுமே பேசுகின்றனர். சிராவகராகிய நாம் எண்ண வேண்டியது வேறொன்றும் உண்டு.

மின்சாரம் சுவரிலிருந்து புகையின்றி வருவதால் அதில் தீங்கில்லை என்று தோன்றுகின்றது. நெய்வேலி நம் ஊர்களுக்கு வெகு தொலைவன்று. அங்கே பழுப்பு நிலக்கரிக்காக மண்ணைப் பெருங்குழியாக அகழ்கின்றனர். நிலத்தடி நீர் சுரங்கத்துள் பீறிடாதிருக்க இரவும் பகலும் இறைக்கின்றனர். அகழ்ந்ததை எரித்து, அவ்வெப்பத்தால் எழும் நீராவியைக் கொண்டு பொறிகளைச் சுழற்றுகின்றனர். நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றைப் பயனின்றி அலைக்கழிப்பதைச் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பிரமாதசரியை என்று பெயரிட்டு அனர்த்த தண்டத்துள் வைத்தார். ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறி அந்நான்கையும் ஒருங்கே செய்கின்றது. தமிழகத்தில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. கட்டணம் இல்லையென்றால் தீங்கும் இல்லையென்று ஆகிவிடுமா?

ஆயின் வீட்டைச் சீர்திருத்துவதும் ஆரம்ப இம்சையே. ஓட்டின் அடியில் அணில் கூடு கட்டியிருக்கும். பல்லியும் சிலந்தியும் குளவியும் தலைமுறை தலைமுறையாக நம்மோடு குடியிருப்பவை. இல்லறத்தார் இதனை முற்றும் நீக்குதல் இயலாது; குறைத்தல் இயலும். வரிசை வரிசையாக ஓடு இறக்கி, உயிர்கள் விலக நேரம் தந்து, புழு பூச்சி பெருகும் மழைக்காலத்திற்கு முன் பணியை முடிப்பது ஒரு வழி. கறையானுக்கு நஞ்சு ஊற்றுவதோ அறிந்தே செய்யும் கொலை. புதிய மரச்சட்டத்தில் முந்திரிக்கொட்டை எண்ணெயை முன்னரே பூசிவிட்டால் கறையான் எளிதில் அணுகாது. கொல்ல வேண்டிய நிலையும் வாராது.

எதைச் சீர்திருத்துவது என்பதில்தான் நாம் பெரிதும் தவறுகின்றோம். ஓட்டுக்கூரையின் இடைவெளிகளும் திறந்த முற்றமும் சூடேறிய காற்றை மேலே போகவிடுகின்றன. கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வெயிலைக் குடித்து நள்ளிரவு வரை அறைக்குள் உமிழ்கின்றது. அதன் பின் குளிர்சாதனக் கருவி இன்றியமையாததாகிவிடுகின்றது. தேவையை நாமே கட்டி எழுப்பினோம். உடைந்த ஓட்டை மாற்றி, அதன் அடியில் மூங்கில் தட்டி கட்டி, மேற்குச் சுவருக்கு ஒரு தாழ்வாரம் இறக்கினாலே வெப்பம் தணியும். மெத்தை வீடாயின் தளத்தின்மீது வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். 75 வாட் பழைய விசிறிக்கு ஈடாக ஏறக்குறைய 30 வாட்டில் சுழல்வன இன்று கிடைக்கின்றன. 60 வாட் குண்டு பல்பின் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகின்றது, அதிலும் மஞ்சள் ஒளி தருவதை வாங்கினால் மொய்த்து மடியும் பூச்சிகள் குறையும். சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கும் வீட்டில் அவ்விளக்குக்கும் வேலை குறைவு.

இத்துடன் கடமை முடிந்தது என்று நாமும் நினைத்திருந்தோம். நம் வீட்டில் விளக்குகளை மாற்றிய ஆண்டிலேயே, செலவு குறைவுதானே என்று திண்ணையில் இரண்டு, கொல்லையில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று என நான்கு விளக்குகள் கூடின. இதனை ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1865-ஆம் ஆண்டிலேயே நிலக்கரியை வைத்து எழுதினார்: பொறிகள் சிக்கனமாக ஆக ஆக, நாட்டின் நிலக்கரிச் செலவு குறையாமல் பெருகும் என்றார். சிக்கனம் கருவியின் குணம். அளவு மனிதனின் விரதம். போகோபபோக பரிமாணம் மேற்கொள்வோர் இத்தனை அறை, இத்தனை மணி நேரம் என்று முன்னதாக வரையறுத்துக்கொண்டு அதன் பிறகே கடைக்குப் போக வேண்டும்.

அவ்வளவை யார்மேல் சுமத்துவது? நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பாட்டியார்க்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. மே மாத இரவுகளில் மூச்சு வாங்கி உறங்காதிருந்தார். விரதம் தமக்குத்தாமே பூணுவது. தம் விரதத்துக்காகப் பிறர் உடலை வருத்துதல் அகிம்சை ஆகாது. மகன் அவர் அறைக்கு மட்டும் ஒரு கருவி வைத்து, 26 பாகையில் நிறுத்தி, கதவிடுக்குகளைத் துணியால் அடைத்தார். முதல் நாள் இரவே பேரப்பிள்ளைகள் அனைவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பாட்டியின் அறைக்கு வந்துவிட்டனர். மற்ற அறைகளுக்கு வாங்குவதாக இருந்த இரண்டு கருவிகளைப் பற்றி அதற்குப் பின் அவ்வீட்டில் எவரும் பேசவில்லை.